வெள்ளை அடிக்காத வீடு

அழைப்பிதழ் திரும்பி வந்ததிலிருந்து பெரியவர் வீட்டில் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குடும்பத்து ஓட்டு ஆலையின் பெயர் அச்சிட்ட கெட்டி அட்டை அது. ஆலைக்குப் பின்தெருவில் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் போனது போலவே அவருடைய தங்கை வீட்டுக்கும் போனது. டிரைவர்தான் கொண்டு போனான். மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தங்கை மட்டும் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூடப் பிறந்தவளைக் கூப்பிட டிரைவரா? ஏன், அண்ணனுக்குக் கால் வலியா?" என்று கேட்டு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டிரைவர் அதை ஒரு வார்த்தை விடாமல் வந்து ஒப்பித்தான். எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று அவனுக்கு என்றைக்குத் தெரிந்தது?

இன்று கூட்ட நாள்.

பெரியவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தை அறுக்கிற பொத்தான். இருந்தாலும் போடாமல் ஆலைக்குள் அவர் போனதில்லை. மகள் கதவருகே வந்து நின்றாள்.

"அப்பா, ஒரே ஒரு விஷயம்."

"சொல்லு."

"இன்னைக்கு நீங்க பேசக் கூடாது."

"நான் எப்ப பேசினேன்?"

"போன தடவை டீலர்கள் கூட்டத்துல ஒருத்தரை எழுப்பி நிக்க வச்சீங்க."

"அவன் ஓடு விரிசல் விடுதுன்னான்."

"விரிசல் விட்டுச்சுப்பா."

"அதுக்குச் சபையில சொல்றதா? தனியா வந்து காதுல சொல்லணும்."

"சபையில சொல்லுங்கன்னு நாமதானே கூப்பிட்டோம்?"

பெரியவர் பொத்தானைப் போட்டு முடித்தார். பேச்சும் முடிந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மகள் ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து இதே கூத்துதான். அவள் வேலைக்கு அவள் வைத்த பெயர் மக்கள் தொடர்பு. ஆலையில் மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மைக்கம்மா. திங்கட்கிழமைதோறும் தொழிலாளிகளோடு உட்கார்ந்து டீ குடித்துக் குறை கேட்டாள். டீலர்களைக் கூப்பிட்டுத் திட்டு வாங்கினாள். திட்டு வாங்குவதற்கு என்றே ஒரு தொலைபேசி எண்ணை எல்லா ஓட்டுக் கட்டுகளிலும் அச்சடித்தாள். "ஆலையோட சம்பந்தப்பட்டவங்க எல்லாருக்கும் நாம பதில் சொல்லணும்ப்பா" என்பாள். "அப்படின்னா தெரு முழுக்க நமக்குச் சம்பந்தியா?" என்று பெரியவர் திருப்பிக் கேட்பார். வாய் அப்படிக் கேட்கும். ஆனால் அவள் மைக்கைப் பிடித்துத் தலை நிமிர்ந்து நிற்கும்போது, முதுகு தன்னைப் போலவே நேராக இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு பெருமை ஓடும். அதை வெளியே காட்டும் வழக்கம் அவரிடம் இல்லை.

இன்றைய கூட்டம் சாதாரணக் கூட்டம் அல்ல. களிமண்ணைக் காயவைத்துப் பொடியாக்கும் அரவைக் கூடம் ஒன்று ஆலையில் இருக்கிறது. அதன் பக்கத்தில், பின்தெருச் சுவரை ஒட்டி, இரண்டாவதாக ஒன்று கட்ட வேண்டும். பின்தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அனுமதி என்று நகராட்சி சொல்லிவிட்டது. தெரு வேண்டாம் என்றால் கூடம் இல்லை.

அந்தத் தெரு பெரியவரின் தங்கை சொல்லாமல் தலையைக் கூட ஆட்டாது. அதுதான் சிக்கல்.

"அத்தை வருவாங்களாப்பா?" மகள் கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீ தொடர்பு. நீ கேளு."

"நீங்க ஒரு நடை நேர்ல போயிருந்தா வந்திருப்பாங்க."

"போவேன். போன உடனே எல்லாரும் பாக்க வாசல்ல நிக்க வச்சு நாலு கேள்வி கேப்பா. அண்ணன் தங்கச்சி சண்டை அப்புறம் ரொட்டிக் கடை வரைக்கும் போகும்."

"ரொட்டிக் கடைக்கு எப்பவோ போயிடுச்சு."

பெரியவர் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணன் எங்கே?" என்றார், பேச்சை மாற்ற.

அண்ணன் என்றது அவருடைய மகனை. இப்போது ஆலையை நடத்துபவன் அவன்தான். இரண்டு நாளாக வெளியூரில் இருந்தான். இயந்திரக் கம்பெனியில் ஒரு சின்ன வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"போனை எடுக்கல. கிளம்பும்போது, 'உன் கூட்டம் கூட்டமா நடக்கட்டும், என் வேலை வேலையா நடக்கட்டும்'னு சொன்னான்."

"சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார் பெரியவர்.

என்ன சொல்லியிருக்கிறான் என்பது அப்போது அவருக்கு விளங்கவில்லை.

*

ஆலையின் சரக்குக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். மகள் வட்டமாகப் போடச் சொல்லியிருந்தாள். பெரியவர் அரை மணி நேரம் முன்னாடியே வந்து எல்லாவற்றையும் வரிசையாக்கி, முன்னால் ஒரு மேடையும் போடவைத்துவிட்டார். வட்டமாக உட்கார்ந்தால் யார் பெரியவர் என்று எப்படித் தெரியும்?

பின்தெரு வந்தது. விசேஷத்துக்கு வருவது போல நல்ல உடுப்பில் வந்தது. ரொட்டிக் கடைக்காரர், தையல்காரம்மா, இரட்டைக் குழந்தைக்காரி, பேசிக்கொண்டே இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இப்போதுதான் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். நகராட்சி அதிகாரி அம்மாள் குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக அமர்ந்தார்.

முன் வரிசையில் நடு நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

மகள் மைக்கைக் கையில் எடுத்தாள். புதுக் கூடம் எங்கே வரும், எப்படி இயங்கும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று தெளிவாகச் சொன்னாள். திரையில் படம் காட்டினாள். ஒரு படத்தில் பின்தெரு முழுவதும் வெள்ளை வெளேர் என்று வரிசையாகத் தெரிந்தது. படம் எடுத்தவன் கெட்டிக்காரன். வெள்ளை அடிக்காத ஒரே ஒரு வீட்டை மட்டும் ஒரு மரத்தின் பின்னால் மறைத்திருந்தான்.

அந்த வெள்ளைக்கு ஒரு கதை உண்டு.

பெரியவர் ஆலையை நடத்திய காலத்தில் கூட்டம், மைக் எதுவும் இல்லை. வருஷம் ஒரு தடவை, மழை ஓய்ந்ததும், இரண்டு பெயிண்டர்களும் ஒரு நீள ஏணியும் பின் கேட் வழியாக வெளியே போவார்கள். அரவைக் கூடத்திலிருந்து பறந்து வந்து வீடுகளின் முகப்பில் படிந்த செம்மண் தூசி மேல் வெள்ளை அடித்துவிட்டு வருவார்கள். தெரு பளிச்சென்று ஆகிவிடும். யாரும் புகார் சொல்ல வரமாட்டார்கள். அவர் காலத்தில் ஆலை பின்தெருவோடு பேசிய ஒரே பேச்சு அந்த வெள்ளைதான்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அடிப்பதில்லை. "அந்த வீட்டை விட்டுடு" என்று பெரியவரே பெயிண்டரிடம் சொல்லியிருந்தார். சொந்தத் தங்கையின் வீட்டுக்கு ஆலைச் செலவில் பெயிண்டா? குடும்பத்தின் மேல் ஒரு சொல் விழ விடலாமா? காரணத்தை அவர் தங்கையிடம் சொல்லவில்லை. இது கூடவா சொல்லித் தெரிய வேண்டும் என்று இருந்தார். தங்கையும் கேட்கவில்லை. இது கூடவா கேட்டுப் பெற வேண்டும் என்று இருந்தாள். தன் செலவில் அடித்துக்கொள்ளவும் இல்லை. ஒரே மண்ணில் பிசைந்து ஒரே சூளையில் சுட்ட இரண்டு ஓடுகள். எது முதலில் வளையும்?

"உங்க கேள்விகளைக் கேக்கலாம்" என்றாள் மகள்.

ரொட்டிக் கடைக்காரர் தையல்காரம்மாவைப் பார்த்தார். தையல்காரம்மா தபால்காரரைப் பார்த்தார். வாயே மூடாத தபால்காரர் இன்று தன் செருப்பைப் பார்த்தார்.

"எதா இருந்தாலும் பரவாயில்ல. கோபமா இருந்தாலும் கேளுங்க."

"கேக்குறோம்மா" என்றார் தையல்காரம்மா. "அக்கா வரட்டும்."

"அவங்க வரலன்னா?"

"வரலன்னா எப்படிக் கேக்குறது?"

அதிகாரி அம்மாள் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பெரியவர் மேடையில் கழுத்துப் பொத்தானை ஒரு விரலால் தளர்த்தினார். வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது மகளுக்குக் கொடுத்த வாக்கு.

அப்போது வாசலில் ஓர் உருவம் தெரிந்தது. தங்கை இல்லை. தங்கையின் கணவர். வீட்டுத் திண்டாட்டங்களையெல்லாம் சிரித்துக்கொண்டே கடக்கிற மனிதர். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். உருப்பெருக்கிக் கண்ணாடி நெற்றியில் இன்னும் அப்படியே இருந்தது. கழற்ற மறந்துவிட்டார்.

"மன்னிக்கணும்" என்றார் பொதுவாக. "வீட்ல ஒரு சேதி சொல்லி அனுப்பினாங்க. சொல்லிட்டுப் போயிடுறேன்."

"சொல்லுங்க மாமா" என்றாள் மகள். மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

அவர் மைக்கைப் பார்த்துப் பயந்து ஓர் அடி பின்வாங்கினார். "அது... 'என் கேள்வி சுவத்துல இருக்கு. பதில் சொல்ல நினைக்கிறவங்க வந்து பாக்கட்டும்.' இவ்வளவுதான். நான் சொந்தமா எதுவும் சேக்கல."

கூடத்தில் ஒரு சலசலப்பு. மகள் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மைக்கை மேஜை மேல் வைத்தாள். திரையைச் சுருட்டிச் சுவரில் சாத்தினாள்.

"ஆளுக்கொரு நாற்காலி எடுத்துக்குங்க" என்றாள். "கூட்டம் தெருவுல."

"என்னது?" பெரியவரின் வாக்கு அங்கேயே பாதி உடைந்தது. "ஆலை தெருவுக்குப் போறதா?"

"தூசி போச்சேப்பா. நாம போனா என்ன?"

சொல்லிவிட்டு அவள் முதல் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினாள். தெரு சிரித்தது. அதுவரை விறைத்துக் கிடந்த தெரு, நாற்காலி தூக்கச் சொன்னதும் கலகலப்பாகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் இரண்டு நாற்காலி எடுத்தார். தபால்காரர் அதிகாரி அம்மாளின் நாற்காலியையும் சேர்த்துப் பிடுங்கினார். கூடம் காலியாக ஆரம்பித்தது.

பெரியவர் மேடையை விட்டு அசையவில்லை.

*

சற்று நேரத்தில் அந்தப் பெரிய கூடத்தில் ஒரு மேடையும், மேடை மேல் பெரியவரும், கீழே கடிகாரக்காரரும் மட்டும் இருந்தார்கள்.

"நீங்க போகல, மாப்பிள்ளை?"

"வீட்லேர்ந்து வந்தவன்தானே நான். மறுபடி அங்கேயே போறதுக்கு என்ன அவசரம்?"

கடிகாரக்காரர் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் கண்ணாடி இருப்பது அப்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"உங்க வீட்டுக்காரிக்கு என்னதான் வேணுமாம்?"

"எனக்கு எப்படி மச்சான் தெரியும்? நான் கல்யாணம் பண்ணிக்கிட்டவன். கூடப் பிறந்தவர் நீங்க."

"தூசி அவ்வளவு வருதா?"

"கடிகாரத்துக்குள்ள வருது. ஒரு விதத்துல நல்லதுதான். உங்க மண்ணால நின்னு போன கடிகாரமெல்லாம் என்கிட்டதான் வருது. எனக்குத் தொழில் கொடுக்கிறதே நீங்கதான்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அடக்கியது மீசையில் தெரிந்தது.

"இந்த வருஷம் நான் வெள்ளை அடிக்கிறேன்னு சொன்னேன்" என்றார் கடிகாரக்காரர் மெதுவாக. "ஏணி வாங்கி வந்துட்டேன். 'அது அண்ணன் அடிக்க வேண்டிய சுவர், தொடாதே'ன்னுட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஏணியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

பெரியவர் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே, தெருவில், நாற்காலிகள் இழுபடும் சத்தமும் தையல்காரம்மாவின் குரலும் கேட்டன. "அங்கே போடாதீங்க, அங்கே சாக்கடை!"

தான் இல்லாமல் ஒரு கூட்டம் நடக்கப் போகிறது. அதுவும் தன் தங்கை வீட்டு வாசலில். அங்கே இருப்பது மானக்கேடா, இங்கே தனியாக இருப்பது மானக்கேடா?

எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

"கொடுங்க, நான் எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம் மாப்பிள்ளை. என் நாற்காலியை நானே தூக்குவேன்."

பெயிண்டர்களுக்கும் ஏணிக்கும் திறந்த பின் கேட். அவர் ஆயுசில் அதன் வழியாக வெளியே போனதில்லை. அன்று போனார். நாற்காலிக் கால் கேட்டில் இடித்தது. கடிகாரக்காரர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். நல்ல மாப்பிள்ளை.

*

வெள்ளை வெள்ளையாக நின்ற வீடுகளுக்கு நடுவில் அந்த ஒரு வீடு சுட்ட ஓட்டின் நிறத்தில் நின்றது. ஜன்னல் மேல் ஒரு நிறம், ஜன்னல் கீழ் இன்னொரு நிறம். மழை வழிந்த இடமெல்லாம் செங்கோடு.

வாசல்படியில் தங்கை நின்றாள். தலை நரைத்திருந்தது. நிற்கிற தோரணை நரைக்கவில்லை. சின்ன வயதில் பெரியவர் அவளுக்கு வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. வீட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்துவாள்.

அண்ணன் நாற்காலியோடு வருவதைப் பார்த்தாள். முன் வரிசையில் கொஞ்சம் நகரச் சொல்லி ரொட்டிக் கடைக்காரருக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் நகர்ந்தார்.

"இதுதான் கேள்வி" என்றாள் தங்கை, சுவரைக் காட்டி. "எல்லா வீட்டு மேலயும் இதே அளவுதான் விழுது. அவங்க சுவத்துல வெள்ளை மூடியிருக்கு. என் சுவத்துல மூடல. ஒரு கூடத்துக்கே இப்படின்னா ரெண்டு கூடத்துக்கு எப்படி? அவ்வளவுதான் என் கேள்வி."

ஆலையின் பொறியாளர் தொண்டையைக் கனைத்தார். படித்தவர், நல்லவர், ஆலைக்கு விசுவாசமானவர். விசுவாசம்தான் அவரைப் பேச வைத்தது.

"இது நம்ம தூசிதான்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. சாலைத் தூசியா இருக்கலாம். வெளியிலேர்ந்து அடிச்சு வந்திருக்கலாம். மாதிரி எடுத்து ஆய்வு செஞ்சாத்தான்..."

பெரியவர் எழுந்தார்.

மகள் "அப்பா" என்றாள் மெல்ல. அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் விழாத மாதிரி நடந்தார். நேராகச் சுவரிடம் போனார். கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தார். விரலை வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். மெழுகு போல வழுக்கியது. ஆயுள் முழுக்க அவர் கையில் வழுக்கிய மண்.

"நம்ம மண்" என்றார்.

"ஐயா, ஆய்வு செய்யாம..." என்றார் பொறியாளர்.

"என்ன ஆய்வு? இந்த மண்ணுலதான் என் குடும்பம் நிமிர்ந்தது. நம்ம மண்ணை நம்ம வாயால இல்லன்னு சொல்றதா? அந்த ஈனம் எனக்கு வேண்டாம். எழுதிக்குங்கம்மா, இது எங்க ஆலைத் தூசி."

அதிகாரி அம்மாள் எழுதிக்கொண்டார். பொறியாளர் முகம் வெளுத்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அதிகாரி அம்மாள். "எல்லா வீட்டுக்கும் ஆலை வெள்ளை அடிச்சிருக்கு. இந்த வீடு மட்டும் ஏன் விட்டுப்போச்சு?"

தங்கை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் முந்திக்கொண்டாள். "அது பெயிண்டர் கவனக் குறைவால..."

"கவனக் குறைவு ஒண்ணும் இல்ல" என்றார் பெரியவர். அவருடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது. "நான்தான் விடச் சொன்னேன். என் தங்கச்சி வீடு அது. என் தங்கச்சி வீட்டுக்கு ஆலைச் செலவுல பெயிண்ட் அடிச்சா ஊரு என்ன சொல்லும்? பாரு, தன் வீட்டு ஆளுக்குன்னா தாராளமாப் பூசறான்னு சொல்லாதா? மத்தவங்களுக்குச் செய்யிறது ஆலையோட கடமை. என் தங்கச்சிக்கு அதுல பங்கு கிடையாது. அவ என் ரத்தம். இன்னைக்கும் சொல்றேன், நான் செஞ்சது சரிதான்!"

பெருமையாகச் சொல்லி முடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். யாராவது பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

"அட, இதுக்காகவா?" என்றார் தையல்காரம்மா.

தங்கை படியிலிருந்து இறங்கினாள். ஒரு படி. இன்னொரு படி.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க?"

"எல்லா வீட்டுக்கும் அடிச்சு எனக்கு மட்டும் அடிக்கலன்னா என்ன நினைப்பேன் அண்ணா? நான் உன் ஆளும் இல்ல, தெரு ஆளும் இல்லன்னுதானே? ஒவ்வொரு வருஷமும் ஏணி என் வீட்டைத் தாண்டிப் போகும்போது ஜன்னலை மூடிக்கிட்டு உள்ள உக்காந்திருப்பேன்."

பெரியவர் ஓர் அடி எடுத்து வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். அதன் கதவு மேலும் செம்மண் படிந்திருந்தது.

"நீ கேட்டிருக்கலாமே, சட்டாம்பிள்ளை."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். அவளும் அந்தக் குடும்பம்தானே.

"தெருவுல வச்சு அந்தப் பேரைச் சொல்லாதே" என்றாள்.

"இனிமே நாங்க சொல்லுவோம்!" என்றார் தபால்காரர். சிரிப்பில் தெரு குலுங்கியது.

சிரிப்பு அடங்கியதும் தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குத் திரும்பினாள். அண்ணன் அண்ணன்தான், கேள்வி கேள்விதான்.

"சரி. எங்க தெரு சொல்றது இதுதான். இருக்கிற கூடத்துக்கு முதல்ல ஒழுங்கா மூடி போடுங்க. இந்தச் சுவத்துல பாதிக்கு வெள்ளை அடிங்க. பாதி அப்படியே இருக்கட்டும். அடுத்த மழைக்கு முன்னாடி வெள்ளைப் பாதி சிவக்கலன்னா ரெண்டாவது கூடத்துக்கு நானே முதல் ஆளா வந்து சரின்னு சொல்றேன். சிவந்தா, இந்தப் பேச்சே வேண்டாம்."

"எங்க வீட்டுக்கு இந்த வருஷம் வெள்ளை உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றாள் இரட்டைக் குழந்தைக்காரி.

"உண்டு" என்றாள் மகள். "ஆனா ஒவ்வொரு வீட்லயும் ஒரு கை அகலத்துக்கு அடிக்காம விடுவோம். தூசி குறையுதா இல்லையான்னு நாங்க சொல்லி நீங்க நம்ப வேண்டாம். உங்க சுவரே சொல்லட்டும்."

அதிகாரி அம்மாள் பேனாவை மூடாமல் கேட்டார். "அதுவரைக்கும் புதுக் கூடத்துக்கான வேலை எதுவும் ஆரம்பிக்க மாட்டீங்கதானே?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். இந்தத் தடவை, பேசுங்கள் என்று பார்த்தாள்.

"எங்க குடும்பத்துல கொடுத்த சொல் மாறினதில்லம்மா" என்றார் பெரியவர். "தெரு சரின்னு சொல்ற வரைக்கும் அந்த இடத்துல ஒரு ஆணி இறங்காது. இது என் வாக்கு."

"அப்ப பாதிச் சுவத்துக்கு யார் வெள்ளை அடிக்கிறது?" என்றார் ரொட்டிக் கடைக்காரர். "பெயிண்டரைக் கூப்பிடவா?"

"ஆலைப் பெயிண்ட் இந்த வீட்டுக்கு ஆகாதுன்னு இப்பதானே சொன்னாரு" என்றாள் தங்கை. "அண்ணன் வீட்டுப் பெயிண்ட்தான் வேணும். அண்ணன் கையால."

*

பெரியவர் வீட்டிலிருந்து ஒரு வாளி வெள்ளையும் ஒரு தூரிகையும் வந்தன. டிரைவர்தான் கொண்டு வந்தான். இந்தத் தடவை தங்கை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

பெரியவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அத்தனை பேர் பார்க்க அவர் அதைக் கழற்றியது அதுவே முதல் தடவை. கையை மடித்துவிட்டார். தூரிகையை நனைத்து மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தார்.

"கோணல்" என்றாள் பின்னாலிருந்து தங்கை.

"நீ பேசாம இரு."

"மேல திட்டுத் திட்டா விட்டிருக்கே."

"ஆயிரம் சூளை பாத்தவன்டி நான்."

"சூளை பாத்திருப்பே. சுவர் பாத்ததில்ல."

கடிகாரக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். கூட்டம் முடிந்தும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. நாற்காலிகளில் சாய்ந்துகொண்டு, பெரியவர் வெள்ளை அடிப்பதைக் கண்காட்சி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி அம்மாளும் போகவில்லை. மகள் அத்தைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆலை தெருவோடு பேசுவது எப்படி என்று அவள் எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். இப்படி ஒரு படத்தை அவள் போட்டதே இல்லை.

பாதிச் சுவர் வெளுத்து வரும் நேரம். தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஒரு நீளமான லாரி திரும்ப முடியாமல் திரும்பித் தெருவுக்குள் நுழைந்தது. மேலே தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று, வீட்டு உயரத்துக்கு. நாற்காலிகளைப் பார்த்து லாரி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். கையில் தூரிகையோடு, சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு நின்ற முதியவரைப் பார்த்தார்.

"பெயிண்டர் ஐயா, ஓட்டு ஆலைக்குப் பின் கேட் இதுதானே? புது அரவை மெஷின் இறக்கணும்."

அதிகாரி அம்மாளின் பார்வை தார்ப்பாயிலிருந்து பெரியவருக்கு வந்தது. தெருவின் பார்வையும் வந்தது. மகள் தரையிலிருந்து எழுந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

பெரியவர் தூரிகையை வாளியில் வைத்தார். நிதானமாக நடந்து லாரிக்கு முன்னால், தெரு நடுவில் போய் நின்றார். முதுகு அப்படியே நிமிர்ந்திருந்தது. வெள்ளை படிந்த கையை உயர்த்தினார்.

"இறக்க முடியாது" என்றார். "திருப்பு."

லாரியின் மறுபக்கக் கதவு திறந்தது. அதிலிருந்து இறங்கியவன் அவருடைய மகன்.

"அப்பா?" என்றான். "நீங்க என்ன நடுத்தெருவுல? கையெல்லாம் என்ன?"

பெரியவர் பதில் சொல்வதற்குள், பின்னால் கட்டாந்தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தங்கை இரண்டு நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். லாரிக்கு முன்னால், பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஒன்றில் தான் உட்கார்ந்தாள். இன்னொன்றைத் தட்டிக் காட்டினாள்.

"உக்காரு அண்ணா" என்றாள். "நின்னா கால் வலிக்கும். ரொம்ப நேரம் ஆகும் போலிருக்கு."